கொசுவின் குரோமோசோமில் ஒரு தலைகீழ்த் திருப்பம்: நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அதில் என்ன சம்பந்தம்?

கொசு என்றாலே நமக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். தெருவில் கழிவுநீர் தேங்கினால் நகராட்சியைக் குறை சொல்கிறோம். புகை மருந்து அடிக்கும் வண்டி ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு முட்டையிட அதிகம் நாடுவது நல்ல தண்ணீரை. மூடி சரியாகப் பொருந்தாத மாடி டேங்க், கிணறு, சிமெண்ட் தொட்டி, புதுக் கட்டடத்தில் வேலைக்காக நிரப்பி வைத்த தண்ணீர் ஆகியவைதான் அதன் பிறப்பிடங்கள். நாம் குடிக்கவும் உளூச் செய்யவும் வைத்திருக்கும் அதே தண்ணீர்.

இந்தக் கொசுவின் பெயர் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி. இந்தியாவில் பணியாற்றிய லிஸ்டன் என்ற மருத்துவர் 1901இல் இதை விவரித்துப் பெயரிட்டார். கிராமத்துக் குளம், வயல் என்று வாழும் மற்ற மலேரியாக் கொசுக்கள் நகரத்துக்குள் அவ்வளவாகத் தாக்குப்பிடிப்பதில்லை. இது மட்டும் சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களின் கான்கிரீட்டுக்கு நடுவே குடியேறிக்கொண்டது. இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு விடை தேடும் ஆய்வாளர்கள், கொசுவின் குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கவனமாகப் பார்த்து வருகிறார்கள். அந்த ஆய்வில் நமக்குப் பக்கத்து ஊரான சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு.

ரயில் பெட்டிகளை வைத்துப் புரிந்துகொள்வோம்

அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு ரயிலில் 1 முதல் 9 வரை பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 4, 5, 6, 7 ஆகிய நான்கு பெட்டிகளைச் சேர்த்துக் கழற்றி, அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் பூட்டிவிடுகிறார்கள். இப்போது வரிசை 1, 2, 3, 7, 6, 5, 4, 8, 9 என்று ஆகிவிடும். ஒரு பெட்டியும் குறையவில்லை, கூடவும் இல்லை. வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

குரோமோசோமிலும் இதுவே நடக்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ என்ற நீண்ட இழைதான் குரோமோசோம். மரபணுக்கள் அதில் பெட்டிகளைப் போல வரிசையாக இருக்கின்றன. எப்போதாவது அந்த இழை இரண்டு இடங்களில் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் குரோமோசோம் தலைகீழ்த் திருப்பம் என்கிறார்கள்.

அறுந்த இடம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அமைந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஒரு பெட்டியின் நடுவிலேயே அறுந்தால் அந்த மரபணு கெட்டுப்போகும். மனிதர்களில் இதற்கு உதாரணம், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோய். கடுமையான ஹீமோஃபிலியா-ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் காரணம், இரத்தத்தை உறையவைக்கும் எட்டாவது காரணிக்கான மரபணுவை உடைக்கும் ஒரு தலைகீழ்த் திருப்பம்தான். இது 1993இல் கண்டறியப்பட்டது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்த நோய்க்கான சிகிச்சையில் நாட்டுக்கே முன்னோடி. அங்கே 5 நோயாளிகளுக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின.

இது நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியும்கூட. தாய்வழி உறவில் யாருக்காவது, அதாவது தாய்மாமனுக்கோ பெரியம்மா, சின்னம்மா மகனுக்கோ, இரத்தம் நிற்காத நோய் இருந்தால், ஆண் குழந்தைக்குக் கத்னா செய்வதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

திரும்பிய துண்டு ஏன் நிலைத்து நிற்கிறது?

இழப்பும் இல்லாமல் லாபமும் இல்லாமல் வரிசை மட்டும் மாறினால், அது காலப்போக்கில் காணாமல் போய்விட வேண்டியதுதானே? பல இனங்களில் இத்தகைய திருப்பங்கள் மிக நீண்ட காலமாக நிலைத்திருக்கின்றன. காரணத்தை அறிய மீண்டும் ரயிலுக்கு வருவோம்.

நம்மைப் போலவே கொசுவுக்கும் குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில்களைப் போல அருகருகே வந்து, சில பெட்டிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். பிள்ளைகள் தாயைப் போலவும் இல்லாமல் தந்தையைப் போலவும் இல்லாமல் புதுக் கலவையாகப் பிறப்பதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

இரண்டு ரயில்களிலும் பெட்டி வரிசை ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. ஒன்றில் நடுப்பகுதி திரும்பியிருந்தால்? அந்தப் பகுதிக்குள் மாற்றிக்கொள்ள முயன்றால், ஒரு ரயிலுக்கு இரண்டு எஞ்சின், மற்றொன்றுக்கு எஞ்சினே இல்லை என்ற நிலை வரும். அப்படிப்பட்ட குரோமோசோம் அடுத்த தலைமுறைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. முடிவாக, திரும்பிய பகுதிக்குள் பெட்டிகள் கலப்பதே ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். திரும்பிய துண்டுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, பிரியாமல் பிள்ளைகளுக்குப் போகின்றன. வறட்சியைத் தாங்க உதவும் மரபணு ஒன்றும், அதற்குத் துணையாக இருக்கும் வேறு மரபணுக்களும் தற்செயலாக அந்தத் துண்டுக்குள் இருந்தால், கலப்பால் அந்தக் கூட்டு கலைந்துபோவதில்லை. நல்ல கூட்டு நல்ல கூட்டாகவே பல தலைமுறை தொடர்கிறது.

பழ ஈயில் தொடங்கிய ஆராய்ச்சி

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டர்டெவன்ட் 1921இல் இரண்டு வகைப் பழ ஈக்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, ஒரு பகுதி தலைகீழாக இருப்பதை முதலில் காட்டினார். பின்னர் 1940களில் டோப்ஷான்ஸ்கி கலிஃபோர்னியாவின் சான் ஹசிந்தோ மலைப் பகுதியில் மாதாமாதம் பழ ஈக்களைப் பிடித்து அவற்றின் குரோமோசோம்களைப் பரிசோதித்தார். ஒரு வரிசை வசந்தத்தில் குறைந்து கோடையில் கூடியது. மற்றொரு வரிசை அதற்கு நேர்மாறாக நடந்தது. ஆண்டுக்கு ஆண்டு இதே போக்கு திரும்பத் திரும்ப வந்தது.

கோடைக்கு ஒரு வியாபாரம், மழைக்காலத்துக்கு ஒரு வியாபாரம் என்று இரண்டையும் கைவிடாமல் வைத்திருக்கும் குடும்பத்தைப் போலத்தான் இது. எந்தப் பருவம் வந்தாலும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் சம்பாதிப்பார். இரண்டு வரிசைகளையும் தன் கூட்டத்துக்குள் வைத்திருக்கும் இனமும் அப்படியே சூழல் மாற்றத்தைச் சமாளிக்கிறது.

ஆப்பிரிக்காவில் மலேரியாவின் முதன்மைக் காரணமான அனோஃபிலிஸ் காம்பியே கொசுவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இத்தாலியரான மாரியோ கொலுட்ஸியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது குரோமோசோமில் உள்ள சில திருப்பங்கள் வறண்ட பகுதிகளிலும் வறண்ட பருவத்திலும் அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். அவற்றுள் ஒரு திருப்பத்தைக் கொண்ட கொசுக்கள் காய்ந்த காற்றில் கூடுதல் நேரம் உயிர் தாங்குவதைப் பின்னர் வந்த சோதனைகளும் காட்டின. ஈரமான காடு ஓரத்துக் கொசு, சகாரா பாலைவனத்தின் விளிம்பு வரை போய் வாழ முடிந்ததற்கு இந்தத் திருப்பங்கள் துணைசெய்திருக்கின்றன.

சென்னைக் கட்டடத்திலிருந்து ஒரு கொசு

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 2016இல் சென்னையில் கட்டட வேலை நடந்த ஓர் இடத்தில் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசுக்கள் சேகரிக்கப்பட்டன. அந்த வழியில் வந்த கொசுக்களின் முழு மரபு வரிசையையும் பெங்களூர் ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுத்து எழுத்தாகப் படித்து, 2022இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் குறிப்பாகக் கவனித்தது 2ஆர்-பி என்று பெயரிடப்பட்ட ஒரு தலைகீழ்த் திருப்பத்தை. அதன் நீளம் 1 கோடியே 65 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். மாறுபட்ட சூழல்களுக்கு இந்தக் கொசு ஈடுகொடுப்பதில் இந்தத் துண்டுக்குத் தொடர்பு உண்டு என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்த இரண்டு ஆய்வகக் கொசு வகைகளில், ஒன்றின் ஜோடியில் இரண்டுமே திரும்பியவை. மற்றொன்றில் ஒன்று திரும்பியது, ஒன்று திரும்பாதது. சென்னைக் கொசுவில் இரண்டுமே திரும்பாதவை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால், இழை சரியாக எந்த இடத்தில் அறுந்து திரும்பியது என்பது எழுத்துச் சுத்தமாகத் தெரிந்தது.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க, முட்டை பாதி முதிர்ந்த பெண் கொசுவைப் பிடித்து, நுண்ணோக்கியில் குரோமோசோமின் பட்டைகளைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கைதேர்ந்தவர்கள் சிலருக்கே அது வரும். இப்போது திரும்பிய வரிசையையும் திரும்பாத வரிசையையும் பிரித்துக் காட்டும் 22,650 எழுத்து வேறுபாடுகள் பட்டியலாகக் கிடைத்திருக்கின்றன. கொசு ஆணா பெண்ணா என்று பார்க்காமல், டிஎன்ஏவை மட்டும் படித்தே வகை சொல்லிவிடலாம்.

பல ஊர்களிலிருந்து வந்த 82 கொசுக்களை இந்த முறையில் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக் கொசுக்கள் திரும்பியது ஒன்றும் திரும்பாதது ஒன்றுமாக இரண்டையும் ஜோடியில் வைத்திருந்தன. வெளியிடங்களில் பிடித்தவற்றிலும் ஆய்வகத்தில் வளர்த்தவற்றிலும் இதே நிலைதான். அந்த இனம் இரண்டு வியாபாரத்தையும் கைவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. வெவ்வேறு ஊர்களின் கொசுக்கள் மரபு வரிசையில் சென்னைக் கொசுவோடு நெருங்கியே நின்றன. ஊருக்கு ஊர் நடக்கும் பயணமும் வணிகமும் கொசுக்களையும் கலந்துவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. தினமும் மின்சார ரயிலில் ஆயிரக்கணக்கானோர் சென்னைக்குப் போய்வரும் அரக்கோணத்துக்கும், லாரி லாரியாகத் தோலும் ஷூவும் துறைமுகத்துக்குப் போகும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்கும் இந்தக் கருத்து அந்நியமானதல்ல.

கடல் தாண்டிய கொசு

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், அரபுத் தீபகற்பம் போன்ற பகுதிகளில் இருந்த இந்தக் கொசு, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் எத்தியோப்பியா. அடுத்து சூடான், சோமாலியா, நைஜீரியா, கானா, கென்யா என்று பட்டியல் நீண்டது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022இல் மலேரியா பரவியபோது, அதற்கு இந்தக் கொசுதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. அதே ஆண்டு இதன் பரவலைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் தனி முயற்சி ஒன்றைத் தொடங்கியது.

இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. நோயை ஒழித்துவிட்டோம் என்று மூச்சுவிடுவதற்குள் புதிய கொசு வந்து நின்றது.

பரிணாமம் என்ற சொல்லும் நாமும்

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் கட்டுரையை மூடிவிடுவார்கள். மனிதப் படைப்பு பற்றிய கேள்வி இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. ஓர் இனத்தின் கூட்டத்துக்குள் எந்த மரபணு வரிசை எந்தச் சூழலில் கூடுகிறது, எதில் குறைகிறது என்பதைக் கொசுவைப் பிடித்து எண்ணிச் சொல்கிறார்கள். நீண்ட காலப்போக்கில் இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதிலும் இத்தகைய திருப்பங்களுக்குப் பங்குண்டு என்பது உயிரியலாளர்களின் முடிவு.

சூழலுக்கும் உயிரினங்களுக்கும் உள்ள தொடர்பைக் கவனிப்பது முஸ்லிம்களுக்குப் புதிதும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ், தம்முடைய கிதாபுல் ஹயவான் என்ற பெருநூலில், வாழும் இடம் விலங்குகளின் உடலையும் குணத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று எழுதினார். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 26ஆம் வசனத்தில் அல்லாஹ் கொசுவை உவமையாகக் குறிப்பிடுகிறான். அந்த வசனத்தில் குரோமோசோம் பேசப்படுகிறது என்று நாம் வலிந்து பொருள் சொல்லத் தேவையில்லை. ஆனால் அற்பமானது என்று நாம் நினைக்கும் ஒன்று சிந்தனைக்குரியதாக முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதன் உடலுக்குள் இருக்கும் நுட்பத்தைப் பார்க்கும்போது சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மருந்து மட்டும் போதாது

இவ்வளவும் தெரிந்து நமக்கு என்ன பயன்? பயன் இருக்கிறது. சூழல் மாறினால் அதற்கு ஏற்ற வரிசையைத் தன் கூட்டத்துக்குள்ளேயே தயாராக வைத்திருக்கும் ஓர் எதிரியை ஒரே மருந்தால் ஒழித்துவிட முடியாது. டிடிடி, மாலத்தியான் போன்ற பூச்சிக்கொல்லிகளுக்கு இந்தக் கொசு நம் நாட்டின் பல பகுதிகளில் ஏற்கெனவே பழகிவிட்டது. அதன் மரபணுவை நாம் மாற்ற முடியாது. அது முட்டையிடத் தேடிவரும் தண்ணீரை மூடிவைக்க நம்மால் முடியும். எந்த வரிசைக் குரோமோசோம் இருந்தாலும், தண்ணீர் கிடைக்காத கொசுவுக்குச் சந்ததி இல்லை.

வெயில் காலத்தில் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குவது நல்லது. வியாழக்கிழமை மாலையோ, ஜும்ஆவுக்கு முன்போ வைத்துக்கொண்டால் மறக்காது.

வீட்டில்: மாடி டேங்கின் மூடி உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கல்லை வைத்து அழுத்திய பலகையின் இடுக்கு கொசுவுக்குப் போதுமான வாசல். தண்ணீர் வழியும் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயிலும் நைலான் வலையைக் கட்டுங்கள். டிரம், குடம், சிமெண்ட் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு நிரப்புங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது.

பள்ளிவாசலில்: ஹவுழ் திறந்திருந்தால் கொசுப்புழு தின்னும் கம்பூசியா, கப்பி மீன்களை விடலாம். சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். பயன்பாட்டில் இல்லாத பழைய ஹவுழைக் காயவைப்பது அல்லது மூடுவது ஜமாஅத் நிர்வாகிகளின் பொறுப்பு. மதரஸா விடுதிகளின் டேங்குகளும் இதில் சேரும்.

கட்டட வேலையில்: சென்னைக் கொசு பிடிபட்டது கட்டுமான இடத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம். கான்கிரீட் மேல் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர், செங்கல் நனைக்கும் தொட்டி, லிஃப்ட் குழி ஆகியவற்றை வாரம் ஒருமுறை வடித்துவிட வேண்டும். வேலை நின்றுபோன கட்டடமும், மூடிக்கிடக்கும் தோல் தொழிற்சாலையின் மழைநீர் தேங்கிய குழிகளும் யாரும் பார்க்காத இடங்கள். உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குறிப்பாக வெளியூர் போய்வந்தவருக்கு வந்தால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். மருத்துவர் எழுதிய மாத்திரைகளை, காய்ச்சல் விட்டவுடன் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்களை மாடிக்கு அனுமதியுங்கள். வீட்டில் ஆண்கள் இல்லை என்றால் வேறு நேரம் சொல்லி வரச்சொல்லுங்கள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், தண்ணீர் வைத்த தோல்பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. தோல்பையின் இடத்தில் இன்று ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறது. மூடிவைக்கும் கடமை அப்படியே இருக்கிறது. நம் வீட்டில் மூடாத டேங்கில் பிறக்கும் கொசு நம்மை மட்டும் கடிப்பதில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் கேட்கும் பயான்களில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று மாலை ஒருமுறை மாடிக்கு ஏறி மூடியைப் பாருங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களையும் அண்டை அயலாரையும் நோய்களிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.